வீடு கட்டினால் போதுமா? ஊர் வேண்டாமா?

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 76. திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு சின்னச் சந்தில், வாடகை வீட்டில், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இருந்தவர். ஓட்டு வீடு. ஒற்றை அறை, ஒரு அடுப்படி, வாசலில் ஒரு திண்ணை. மழை வந்தால் நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு புது நகரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். டைல்ஸ் தரை, அட்டாச்டு பாத்ரூம், ஆறடி காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாம் அப்பத்தாவிடம் "நீங்க கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து நான் ஹாஸ்டலில் இருந்து வந்தபோது அப்பத்தா சொன்னது இது: "வீடு நல்லாத்தான்யா இருக்கு. ஆனா ஜெயிலு மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒருநாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காலை பத்து மணிக்குக் கொல்லையில் துணி காயப்போடப் போன அப்பத்தா வழுக்கி விழுந்து, எழ முடியாமல் மதியம் வரை அங்கேயே கிடந்தார். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டிருக்கிறார். யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் அக்கம்பக்கத்து மனைகளில் பாதி காலி. வீடு கட்டியவர்களும் கேட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறவர்கள். பழைய சந்தில் விழுந்திருந்தால் "அய்யோ" என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

ஓட்டு வீட்டில் கிடைத்த எதுவோ ஒன்று கான்கிரீட் வீட்டில் கிடைக்கவில்லை. அது என்ன? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நாம் கட்டுவது வீடு மட்டும்தான்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பழமொழி சொன்னவர்கள் வீடு கட்டுவதன் கஷ்டத்தைச் சொன்னார்கள். ஊரைக் கட்டிப்பார் என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஊர் தானாக அமைந்தது. கிணறு, கடை, டீக்கடை பெஞ்சு, மரத்தடி, பள்ளிக்கூடம் எல்லாம் நூறு வருடத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்தவை. இன்று அப்படி இல்லை. ஒரே வருடத்தில் வயலோ, தரிசுக் காடோ கல் நட்டு "நகர்" ஆகிவிடுகிறது. நூறு வருடத்தில் சேர்ந்ததை நாம் ஒரு வரைபடத்தில் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கிறோமா?

திண்டுக்கல்லைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். பழனி ரோடு, வத்தலக்குண்டு ரோடு, நத்தம் ரோடு, தாடிக்கொம்பு ரோடு எல்லாப் பக்கமும் கல் நட்ட மனைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் இருந்தவர்கள் 2 லட்சத்துச் சொச்சம் பேர். 2014ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் வளர்வது நல்லதுதான். ஆனால் மனை விற்பவர்கள் சொல்லும் விளம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு 10 நிமிடம், கலெக்டர் ஆபீஸ் 5 நிமிடம்! (அது காரில் போகிறவருக்கு. அதுவும் ராத்திரி 2 மணிக்கு.) அப்பத்தாவுக்கு அது எத்தனை நிமிடம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. எங்கள் நகருக்கு மினி பஸ் மூன்று நடைதான். ரேஷன் கடை மூன்று கிலோமீட்டர்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பிறகு 2017ல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு என்று சின்ன மனைகளுக்கும் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும்.

காகிதத்தில் அருமை. ஆனால் பூங்கா என்று போர்டு மட்டும் நிற்கிற, சீமைக்கருவேல் முளைத்த இடத்தை எத்தனை நகரில் பார்த்திருக்கிறீர்கள்? இடம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். அங்கே மரம் நட்டு, பெஞ்சு போட்டு, தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். நலிந்தவர்களுக்கான மனைகளையும் ஒரு மூலையில், கழிவுநீர் ஓடுகிற பக்கம் தள்ளிவிட்டால் விதியை மீறியதாக ஆகாது. ஆனால் விதியின் உயிர் போய்விடும்.

சுவர்களின் கதை

யார் பக்கத்தில் யார் இருப்பது என்ற கேள்வி நம் ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து ஒரு சுவரே இருந்தது. பெரிய போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6ஆம் தேதி அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் செத்துப்போனார்கள். எல்லாரும் தலித் மக்கள்.

சுவர் என்றால் செங்கல் மட்டுமில்லை. என் நண்பன் ஒருவன் முஸ்லிம். அவர்கள் குடும்பம் பேகம்பூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அவன் தங்கையின் கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடினார்கள். நானும் கூடப் போனேன். போனில் பேசும்போது "வாங்க, வீட்டைப் பாருங்க" என்பார்கள். பெயரைக் கேட்டதும் "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கினோம்" என்பார்கள். ஒரு இடத்தில் "நாங்க சைவம், அசைவம் சமைக்கக் கூடாது" என்றார்கள். பிரியாணிக்குப் பேர் போன ஊரில்! வேறொரு இடத்தில் என்னைப் பார்த்து "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" என்று கேட்டார்கள். பதினோரு வீடு பார்த்தோம். கடைசியில் அவர்கள் பேகம்பூரிலேயே இருந்துவிட்டார்கள். இப்படித்தான் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு "ஆளுங்க" தெருவாகவே நிற்கிறது.

நாமே ஒருமுறை செய்து பார்த்தோம்

இதை மாற்ற ஒரு முயற்சி நம் பக்கத்து மாவட்டத்தில்தான் தொடங்கியது. தென் மாவட்டங்களில் ஜாதிக் கலவரம் நடந்துகொண்டிருந்த 1997ல் அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம். முதல் சமத்துவபுரம் 1998 ஆகஸ்டில் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடு. 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 இதரர். கலந்து கலந்து வீடு ஒதுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. பிறகு ஆட்சி மாறியபோது நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்று, மொத்தம் ஏறக்குறைய 240 ஊர்கள் உருவாயின.

வெற்றியா தோல்வியா என்று ஒற்றை வார்த்தையில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஒரு சமத்துவபுரத்தில் குடியிருக்கும் என் வகுப்புத் தோழி சொன்னாள்: "எங்க தெருவுல பொங்கலுக்குப் பானை யாரு வீட்டுல இருந்து வந்துச்சுன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா பஸ்ல இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கணும். வேலைக்குப் போக முடியாம எத்தனையோ பேரு பழைய ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க."

இந்த இரண்டு வாக்கியத்திலும் முழுப் பாடம் இருக்கிறது. யார் யார் சேர்ந்து வாழ்வது என்று யோசித்தார்கள், அது பலித்தது. எங்கே வாழ்வது, எப்படிப் பிழைப்பது என்று அதே அளவுக்கு யோசிக்கவில்லை, அது இடித்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் சமத்துவத்தைக் கொண்டுபோய் வைத்தால் ஊர் பழையபடியே இருக்கும், சமத்துவம் மட்டும் தனியாக இருக்கும்.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால்...

சென்னையில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அப்புறம் பெரும்பாக்கத்தில் மாடி மாடியாக இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை, கழிப்பறை, மின்சாரம். நல்லதுதானே? ஆனால் நகரத்தின் நடுவில் வீட்டு வேலை செய்தவர், மீன் விற்றவர், சுமை தூக்கியவர் எல்லாரும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டார்கள். பஸ் காசும் நேரமும் கூலியைத் தின்றன. குழந்தைகள் நடு வருடத்தில் பள்ளியை விட்டார்கள். ஒரே கரையில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்கில், வேறு வேறு மாடியில். "கண்ணகி நகர்" என்று முகவரி சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் குவித்தால் அந்த இடத்தின் பெயரே ஒரு முத்திரை ஆகிவிடுகிறது. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். "குடிசை" போய் "வாழ்விடம்" வந்திருக்கிறது. கட்டுவதும் அப்படியே மாற வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் இலங்கைத் தமிழர்களுக்காக 321 வீடுகளை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கு. 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள். முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொன்ன பத்துக்குப் பத்து அறை நாற்பது வருடம் நீடித்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், குடும்பங்களை எங்கோ கண்காணாத மாவட்டத்துக்கு அனுப்பவில்லை. பழகிய வட்டாரத்திலேயே, பழகிய மனிதர்களோடு சேர்த்தே வீடு. பெயின்டிங் வேலைக்குப் போகிறவர் அதே மேஸ்திரியிடம் போகலாம். பிள்ளை அதே பள்ளிக்குப் போகலாம். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடம் இல்லை. கதவு சொந்தம் மாதிரி இருக்கிறது, ஊர் இன்னும் சொந்தம் ஆகவில்லை. வீடு தருவதும் சேர்த்துக்கொள்வதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிங்கப்பூரைப் பார்த்தால்?

சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். 1989ல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு பிளாக்கில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. பல பிளாக்குகளில் கீழ்த்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். அங்கேதான் மலாய்க்காரர் கல்யாணம், சீனர் சாவு வீடு, கிழவர்களின் சதுரங்கம் எல்லாம். பிரமாண்டமான திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அதிலும் குறை உண்டு. வீட்டை விற்கப் போகும் தமிழருக்கு, வரம்பு நிறைந்துவிட்டால் வாங்க வருபவர் குறைவு, விலையும் குறையலாம். அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஆனால் "கலந்து வாழ்வது தானாக நடக்காது, திட்டம் போட்டால்தான் நடக்கும்" என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டிருக்கிறதே, அதுதான் முக்கியம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நான் கட்டடக்கலை படிப்பவன் இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1. சாவி கொடுப்பதற்கு முன் பஸ் வரட்டும். ரேஷன் கடை, அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, ஒரு மருத்துவ வசதி இவை நடக்கிற தூரத்தில் இல்லை என்றால் அந்த இடம் வீடு கட்ட லாயக்கில்லை என்று முதலிலேயே தள்ளிவிட வேண்டும். மலிவான நிலம் என்று தூரத்தில் வாங்கினால் மிச்சமாகும் பணத்தைக் குடியிருப்பவர் காலம் முழுக்கப் பஸ் டிக்கெட்டாகக் கட்டுவார்.

2. குடும்பங்களைக் கொத்தாக மாற்றுங்கள். குலுக்கல் போடுங்கள், ஆனால் தெருவுக்குத் தெரு குலுக்குங்கள். பழைய பக்கத்து வீடு புது இடத்திலும் பக்கத்து வீடாக இருக்கட்டும்.

3. கலந்து ஒதுக்குங்கள், ஊருக்கு உள்ளே ஒதுக்குங்கள். பெரிய மனைப்பிரிவில் நலிந்தவர்களுக்கான மனைகள் எல்லாத் தெருவிலும் பரவி இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

4. படியைக் குறையுங்கள். இப்போது எல்லாரும் மூன்றடி உயரம் தூக்கித்தான் கட்டுகிறோம். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி ஏற, பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். அப்படியானால் மூன்றடிக்கு 36 அடி! சின்ன மனையில் அது எங்கே போகும்? தண்ணீர் தேங்காத இடத்தைத் தேர்ந்தெடுத்து, வடிகாலை ஒழுங்காகப் போட்டால் இவ்வளவு தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

5. திண்ணையைத் திருப்பிக் கொடுங்கள். 2024ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய் உதவி. அந்த அளவு வீட்டில் மனுஷன் பாதி நேரம் வெளியில்தான் இருப்பான். அந்த வெளியையும் சேர்த்துத் திட்டமிட வேண்டாமா? ஒரு வேப்பமரம், ஒரு புங்கமரம், தெருவைப் பார்த்து ஒரு இரண்டடித் திண்ணை. திண்டுக்கல் வெயிலுக்கு இதைவிட மலிவான ஏசி கிடையாது.

"முதலில் எல்லார் தலைக்கு மேலும் கூரை வரட்டும், மரமும் திண்ணையும் அப்புறம் பார்க்கலாம்" என்று என் மாமா சொல்கிறார். நியாயமான வாதம்தான். மழையில் நனைகிறவரிடம் போய் நான் அழகியல் பேசவில்லை. ஆனால் கூரை போட்ட பிறகு தெருவை மாற்ற முடியாது, பள்ளியை இழுத்து வர முடியாது. தப்பான இடத்தில் கட்டிய வீடு ஐம்பது வருடம் தப்பான இடத்திலேயே நிற்கும். மரமும் திண்ணையும் செலவில் ஒரு துளி. யோசிப்பதற்குக் காசே இல்லை.

"கலந்து வைத்தால் சண்டை வரும்" என்பது இன்னொரு வாதம். சண்டை தனித்தனியாக இருக்கும்போதும்தான் வருகிறது. தனித்தனியாக இருந்தால் எதிரில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக

அப்பத்தாவுக்கு இடுப்பில் எலும்பு முறியவில்லை, நல்ல காலம். அதற்குப் பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். காம்பவுண்டுச் சுவரில் முன்பக்கம் ஒரு பாகத்தை இடித்துவிட்டு, தெருவைப் பார்த்து ஒரு சிமெண்டுத் திண்ணை கட்டினார். "திருடன் வருவான்" என்று சித்தப்பா சத்தம் போட்டார். திருடன் இதுவரை வரவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா வருகிறார். எதிர் மனையில் வீடு கட்டும் கொத்தனார், சித்தாள் எல்லாரும் மதியம் சாப்பிட வந்து உட்காருகிறார்கள். அப்பத்தா மறுபடி பூ கட்ட ஆரம்பித்துவிட்டார். போன வாரம் போனபோது, "அந்தச் சித்தாளு பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டேன். ஊர், பிள்ளைகள் படிப்பு, மாமியார் சண்டை வரை எல்லாம் சொன்னார். என்ன ஆளுங்க என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "நான் கேக்கலைய்யா" என்றார்.

ஒரு நகரைத் திட்டமிடுகிறவர்கள், வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இங்கே ஒரு கிழவி விழுந்தால் யாருக்குக் கேட்கும்?